பன்னத்துக்கு எத்தனை வயது?

பன்னச் செடியைக் கண்டதும் டைனோசர் நினைவுக்கு வருவது நம்மில் பலருக்குப் பழகிப்போன ஒன்று. அந்தப் பேருயிரிகளை வரையும் ஓவியர்கள் அவற்றின் காலடியில் நாலு பன்னத்தை நடாமல் விடுவதில்லை. பள்ளிக்கூடப் பாடமும் இதற்குத் துணைபோகிறது. முதலில் பாசிகள், பிறகு பன்னங்கள், பிறகு வித்துத் தாவரங்கள், கடைசியில் பூக்கும் தாவரங்கள் என்று வரிசையாகப் படிக்கும் மாணவர், பன்னம் என்பது மேலே ஏற முடியாமல் இரண்டாம் படியிலேயே நின்றுவிட்ட ஒன்று என்ற முடிவுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறார். தமிழ்நாட்டில் பெரணி எனப்படும் இந்தத் தாவரக் கூட்டம் 35 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டது என்பது சரிதான். ஆனால் ஒரு குலத்தின் வயது வேறு, அந்தக் குலத்தில் இன்று வாழ்பவர்களின் வயது வேறு. இன்று நாம் காணும் பன்னங்களில் பெரும்பாலானவை ஒப்பீட்டளவில் இளையவை. அவற்றில் பல இன்னமும் கலந்தும் பிரிந்தும் புதிய இனங்களை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. இந்த உண்மையை உலகுக்குக் காட்டிய சான்றுகளில் முக்கியமான ஒரு பங்கு இலங்கையின் பன்னங்களிலிருந்து கிடைத்தது.

கண்டியும் அதன் சுற்றுப்புறமும் பன்னங்களுக்கு வாய்ப்பான நிலம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், இரண்டு பருவமழை, பேராதனையில் ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றரை ஒட்டிய மழைவீழ்ச்சி. நகரத்தின் பழைய மதில்களின் வெடிப்புகளில் முளைத்திருக்கும் தெரிஸ் வித்தாத்தா என்ற பன்னம் சாதாரணக் களையாகவே தெரியும். ஆனால் மண்ணிலிருக்கும் ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சித் தன் இலைகளில் சேர்த்துவைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்று 2001இல் தெரியவந்தபோது உலகெங்கும் மண்ணைச் சுத்திகரிக்க முனைவோர் அதைத் தேடத் தொடங்கினர். மலைப்பாதைக்காக வெட்டிய செம்மண் சரிவுகளில் சிங்களத்தில் கெகில்ல எனப்படும் பன்னம் புதராகப் படர்ந்து, காட்டு மரங்கள் திரும்ப முளைக்க இடம்விடாமல் பிடிவாதம் பிடிக்கிறது. சந்தையில் கீரைக்கட்டுகளுக்கு நடுவே மீவன இலை கிடைக்கிறது. அதுவும் ஒரு பன்னம். வயலின் சேற்றிலும் குளத்தின் நீரிலும் பன்னங்கள் உண்டு. மேலே ஹக்கல, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் போனால் மரமாக நிற்கும் பன்னங்களையும் பார்க்கலாம். நாட்டில் மொத்தம் ஏறத்தாழ 350 வகை. ஒதுங்கிப்போன கூட்டம் இத்தனை இடங்களில் இத்தனை விதமாக வாழ்வதில்லை என்ற சந்தேகம் இங்கேயே தொடங்கிவிடலாம். ஆனால் சந்தேகம் சான்றாகாது.

1821இல் பேராதனையில் தாவரவியற் பூங்கா அமைந்ததிலிருந்து இலங்கையின் தாவரங்களைப் பட்டியலிடும் வேலை அங்கிருந்துதான் நடந்தது. 1849 முதல் 1880 வரை அதன் பொறுப்பிலிருந்த துவைட்ஸ், சேகரித்த ஒவ்வொரு செடிக்கும் எண் கொடுத்து, காய்ந்த மாதிரிகளை உலகின் பல உலர்தாவரக்கூடங்களுக்கு அனுப்பிவைத்தார். சென்னை மாகாணத்து வனத்துறையில் இருந்த பெடோம், இந்தியா, இலங்கை, மலாயா ஆகியவற்றின் பன்னங்களைச் சேர்த்து 1883இல் கையேடு வெளியிட்டார். துவைட்ஸுக்குப் பின் வந்த ட்ரைமன் தொடங்கிய இலங்கைத் தாவரக் கையேட்டில் பன்னங்களுக்கு இடமில்லை. அந்தக் கையேட்டைத் திருத்தி எழுதும் பெரும்பணி 1980இல் தொகுதி தொகுதியாக வெளிவரத் தொடங்கியபோதும் பன்னங்கள் கடைசியில்தான் நின்றன. 15ஆம் தொகுதியாக அவை அச்சேறியது 2006இல். பூவில்லாத செடிக்குப் பந்தியில் கடைசி இலை போடும் வழக்கம் அறிவியலிலும் இருந்திருக்கிறது.

இந்தத் தாமதத்துக்குப் பன்னங்களின் இனப்பெருக்க முறையும் ஒரு காரணம். பூவையும் காயையும் வைத்து வகைப்படுத்தப் பழகியவர்களுக்குப் பன்னம் கைப்பிடி கொடுப்பதில்லை. அதன் இலையின் அடிப்புறத்தில் பழுப்புநிறப் புள்ளிகளாகத் தெரிபவை வித்திக்கலன்களின் கூட்டங்கள். ஒவ்வொரு கலனைச் சுற்றியும் தடித்த சுவருள்ள சில உயிரணுக்கள் வளையமாக ஓடுகின்றன. காற்று உலர உலர அவற்றிலிருக்கும் நீர் ஆவியாகி வளையம் பின்னோக்கி வளைகிறது. ஒரு கட்டத்தில் உள்ளிருக்கும் நீரில் திடீரென்று குமிழி உண்டாகி வளையம் கவண்போல் முன்னே பாய, வித்திகள் வினாடிக்கு 10 மீற்றர் அளவு வேகத்தில் வெளியே வீசப்படுகின்றன. வளையம் முழுவதுமாக மூடிக்கொள்வதற்கு முன், பாதி வழியில் தானே நின்றுவிடவும் செய்கிறது. நாம் செய்யும் கவணில் அந்த இடத்தில் ஒரு குறுக்குச்சட்டம் தேவைப்படும். பன்னம் அந்தச் சட்டம் இல்லாமலே, சுவருக்குள் நீர் கசியும் வேகத்தைக்கொண்டே அதைச் சாதிக்கிறது என்று 2012இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

விழுந்த வித்தியிலிருந்து நேரே பன்னம் முளைப்பதில்லை. சில மில்லிமீற்றர் அளவில், இதய வடிவில், தரையோடு ஒட்டிய பச்சைத் தகடு ஒன்று முளைக்கிறது. அதுவே தனித்து வாழும் ஒரு முழுத் தாவரம். ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் அதன் அடிப்புறத்தில்தான் உருவாகின்றன. மழைநீர்ப் படலத்தில் நீந்திவரும் ஆண் உயிரணு முட்டையைச் சேர்ந்த பிறகே நாம் அறிந்த பன்னம் எழுகிறது. இந்த இரட்டை வாழ்க்கையை 1851இல் ஹொஃப்மைஸ்டர் என்ற ஜேர்மனியர் தெளிவாக விளக்கினார். நீச்சலுக்கு நீர் வேண்டியிருப்பதைத்தான் பன்னத்தின் பின்தங்கிய நிலைக்கு அடையாளமாகப் பலரும் காட்டுவார்கள். அதே தகடு செய்யும் வேறு வேலைகளைப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு அவசரமானது என்று தெரியும். முந்தி முளைத்த தகடு பெண்ணாகி, அருகில் பிந்தி முளைப்பவற்றை ஆணாக மாற்றும் இரசாயனம் ஒன்றைச் சுரக்கிறது. 1950இல் டொப் என்ற ஆய்வாளர் கண்ட இந்தச் செய்தியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் இன்னும் நுணுக்கமாகத் துலக்கினர். லைகோடியம் என்ற கொடிப்பன்னத்தில் மூத்த தகடு அந்த இரசாயனத்தை அரைகுறையாகச் செய்து வெளியே விடுகிறது. இளைய தகடுதான் அதைத் தன்னுள் எடுத்து முழுமையாக்குகிறது. தகடுகளின் நெருக்கத்துக்கு ஏற்ப ஆண், பெண் விகிதத்தை அமைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. தனியே விழுந்த ஒற்றை வித்தியோ, பல இனங்களில், தன் முட்டையைத் தானே கருக்கட்டச் செய்து ஒரு புதிய மலையில் புதிய குடியைத் தொடங்கிவிட முடியும். பூவும் தேனியும் இல்லாத குறையை இவ்வளவு சாமர்த்தியமாக ஈடுசெய்யும் ஒன்றைப் பின்தங்கியது என்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் வாதத்தின் அச்சாணி நிறமூர்த்தங்களில், அதாவது குரோமோசோம்களில், இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஐரீன் மாண்டன், பன்னங்களின் நிறமூர்த்தங்களைத் துல்லியமாக எண்ணிக் காட்டியவர். பன்னங்களில் இந்த எண்ணிக்கை மிக அதிகம். மனிதருக்கு 46; பல பன்னங்களுக்கு நூற்றுக்கு மேல். அதனால் அவருக்கு முன் எண்ண முயன்றவர்கள் தவறிக்கொண்டே இருந்தார்கள். மாண்டன் உயிரணுக்களைச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பரப்பி, நிறமூர்த்தங்களைப் பிரித்துப் பார்த்தார். ஐரோப்பியப் பன்னங்களில் கண்டவற்றை 1950இல் நூலாக்கியதும், அதே லீட்ஸைச் சேர்ந்த வகைப்பாட்டியலாளர் ஸ்லெட்ஜுடன் இலங்கையின் பன்னங்களை எடுத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து எழுதிய பெரிய கட்டுரை 1954இல் இலண்டன் றோயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது.

அவர்கள் கண்டது அந்தக் காலத்து நம்பிக்கைக்கு நேர்மாறானது. நிறமூர்த்தத் தொகுதி இரட்டித்து, நான்மடங்காகவோ அதற்கு மேலோ ஆன இனங்களைப் பன்மடிய இனங்கள் என்பார்கள். பெரும்பாலும் இவை உருவாகும் வழி இதுதான்: இரண்டு இனங்கள் கலக்கின்றன, பிறந்த கலப்பினத்தில் நிறமூர்த்தங்கள் சோடி சேர முடியாமல் வித்திகள் பழுதாகின்றன, எப்போதாவது தொகுதி முழுவதும் இரட்டித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் சோடி கிடைத்து, மலடாக இருந்தது வளமான புதிய இனமாக எழுகிறது. ஆகவே பன்மடியம் மிகுந்திருக்கும் இடம், இனங்கள் கலந்து புதியவை தோன்றிய இடம். இது பனியுகத்தால் குலைந்த குளிர்நாடுகளின் இயல்பு, வெப்பமண்டலத்தில் தாவரங்கள் அமைதியாக அப்படியே இருந்திருக்கும் என்றே பலரும் நினைத்திருந்தனர். இலங்கையின் பன்னங்களில் பாதிக்கு மேல் பன்மடியம் என்றும், அந்த வீதம் பிரித்தானியாவில் உள்ளதைவிட அதிகம் என்றும் மாண்டனும் ஸ்லெட்ஜும் காட்டினர். பனிக்கட்டி ஒருபோதும் மூடாத ஒரு தீவில், கலப்பும் இரட்டிப்பும் ஐரோப்பாவைவிட மும்முரமாக நடந்திருக்கின்றன. சில இனங்கள் கருக்கட்டல் என்ற கட்டத்தையே விட்டுவிட்டு, பச்சைத் தகட்டிலிருந்து நேரே பன்னத்தை முளைக்கச்செய்யவும் கற்றிருக்கின்றன. உலகப் பன்னங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இவ்வாறு வாழ்கிறது. சோடி சேராத கலப்பினம் அழியாமல் தொடர இதுவும் ஒரு வழி.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: இத்தனை நிறமூர்த்தங்கள் பழமையின் குப்பையாக ஏன் இருக்கக் கூடாது? கோடிக்கணக்கான ஆண்டுகளில் இரட்டித்து இரட்டித்துக் குவிந்துவிட்டு, இப்போது எதுவும் நடக்காமல் கிடக்கலாமே? இந்தக் கேள்விக்கு உதாரணமாக எப்போதும் முன்னிறுத்தப்படுவது ஒஃபியோகுளொசம் ரெட்டிகுலேட்டம். இலங்கையிலும் வளரும் இந்தச் சிறிய பன்னத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிறமூர்த்தங்கள் இருப்பதை 1954இல் திருவனந்தபுரத்தில் ஆபிரகாமும் நைனனும் எண்ணிச் சொன்னார்கள். பின்னர் அதன் எண்ணிக்கை 1440 வரை போனது. மறுப்பில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1980களில் நொதியங்களை ஆராய்ந்தபோது, மிகுந்த நிறமூர்த்தங்கள் கொண்ட பன்னங்களும் பரம்பரையலகுகளைப் பயன்படுத்துவதில் சாதாரண இருமடியத் தாவரங்கள் போலவே நடந்துகொண்டன. அதாவது அவற்றின் பழைய இரட்டிப்புகள் காலப்போக்கில் மௌனமாக்கப்பட்டுவிட்டன. ஆனால் மாண்டன் கணக்கில் எடுத்தது இந்தப் பழைய அடித்தளத்தை அல்ல. ஒரே பேரினத்துக்குள் நெருங்கிய உறவினங்கள் ஒன்று இரண்டு மடங்காகவும் இன்னொன்று நான்கு மடங்காகவும் இருக்கும் வேறுபாட்டைத்தான் அவர் எண்ணினார். அந்த வேறுபாடு அண்மைக் காலத்தில் விளைந்தது. பழைய இரட்டிப்பு அடங்கிப்போனதும் புதிய இரட்டிப்பு நடப்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. சுவீடனில் எரிமலைப் படிவில் சிக்கி, உயிரணுவின் உட்கருவும் நிறமூர்த்தங்களும்கூடத் தெரியும் அளவுக்கு அழியாமல் நின்ற ஒரு பன்னத் தண்டைப் பற்றி 2014இல் அறிவித்தார்கள். அதன் வயது 18 கோடி ஆண்டு. அதன் உட்கரு இன்றைய ஒஸ்முண்டாக் குடும்பத்துப் பன்னங்களின் உட்கருவோடு அளவில் ஒத்துப்போகிறது. வாழும் உயிர்ச்சுவடு என்ற பட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆளில்லை. ஒஸ்முண்டாவுக்கு அந்தப் பட்டத்தை நானும் தருவேன். ஆனால் அது ஒரு சிறு குடும்பம். இன்றைய பன்ன இனங்களில் ஏறத்தாழ 80 வீதம் அடங்கும் பெரும்பிரிவு, பூக்கும் தாவரங்கள் காடுகளைப் பிடித்த பிறகே கிளைத்துப் பெருகியது என்று 2004இல் டிஎன்ஏ ஆதாரங்களைக்கொண்டு காட்டப்பட்டது. பூ மரங்களின் நிழலில் பன்னங்கள் அழியவில்லை. அந்த நிழலையே வாழிடமாக்கிப் பெருகின. மங்கிய ஒளியை உணர உதவும் ஒரு பரம்பரையலகு அவற்றுக்கு இருக்கிறது. அதைக் கொம்புப்பாசி எனப்படும் வேறொரு குலத்திடமிருந்து அவை பெற்றன என்று 2014இல் கண்டறிந்தபோது நிபுணர்களே ஆச்சரியப்பட்டார்கள். உடவத்தகெலேக் காட்டில் மரங்களின் தண்டைப் போர்த்திருக்கும் பன்னங்கள் பெரும்பாலும் இந்த இளைய பிரிவைச் சேர்ந்தவை. டைனோசர் படத்தின் பழங்காலப் பின்னணியில் அவற்றை வரைந்தால் அது பிழை.

பன்னங்களின் வகைப்பாடு அடிக்கடி மாறுவதற்கும் இத்தகைய டிஎன்ஏ ஆதாரங்களே காரணம். தாவரப் பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பதை ஆராய்ச்சியாளரின் பொழுதுபோக்கு என்று எரிச்சலோடு சொல்பவர்கள் உண்டு. மரப்பன்னங்களைச் சயாத்தியா என்று படித்து முடிப்பதற்குள் அவற்றில் பலவற்றை அல்சொஃபிலா என்கிறார்கள் என்பது நியாயமான முறைப்பாடுதான். ஆனால் பழைய பெயர்கள் தோற்றத்தை நம்பி வைக்கப்பட்டவை, தோற்றம் பன்னங்களில் மிகவும் ஏமாற்றும். வேரும் சரியான இலையும் இல்லாமல் பச்சைக் குச்சியாக மரக்கிளையில் தொங்கும் சைலோட்டம், உலகின் மிகப் பழைய நிலத் தாவரங்களின் மிச்சம் என்று நீண்டகாலம் கற்பிக்கப்பட்டது. டிஎன்ஏ அதை ஒஃபியோகுளொசத்தின் அருகில் கொண்டுபோய் வைத்தது. அதன் எளிமை பிற்காலத்தில் இழந்ததால் வந்த எளிமை. பன்னத்துக்கு ஒன்றுவிட்ட உறவாகக் கருதப்பட்ட குதிரைவால் பன்னக் குலத்துக்குள்ளேயே வந்துவிட்டது. செலாஜினெல்லா வெளியே போனது. 94 ஆய்வாளர்கள் கூடி 2016இல் வெளியிட்ட வகைப்பாடு, வெளியே போனவற்றையும் சேர்த்து 11,916 இனங்களை 51 குடும்பங்களில் அடுக்குகிறது. இலங்கையிலும் இந்த வேலை முடியவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரணிலும் அவருடைய சகாக்களும் இந்த நூற்றாண்டில்தான் மரப்பன்னங்களை மறுபடி ஆராய்ந்து, பழைய பெயர்களுக்குள் ஒளிந்திருந்த தனி இனங்களைப் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் ஒன்றுக்கு ஸ்லெட்ஜின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் செடியிலேயே இப்படியென்றால், மதில் வெடிப்பில் விரலளவில் முளைப்பவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இலங்கையின் வயல்களிலேயே விடை உண்டு. 1939இல் ஆய்வுக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா என்ற மிதக்கும் பன்னம், சில ஆண்டுகளில் வாய்க்கால்களையும் குளங்களையும் நெல் வயல்களையும் மூடியது. யுத்தகாலத்தில் நீர்நிலைகளை விமானங்களிடமிருந்து மறைக்கவே அதைப் பரப்பினார்கள் என்றொரு கதையும் உலவுகிறது. பிறகு ஆபிரிக்காவின் கரிபா ஏரியிலும் கேரளத்திலும் இதே தொல்லை. எல்லோரும் இதைச் சல்வீனியா ஒரிகுலேட்டா என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரை நம்பி, ஒரிகுலேட்டா வளரும் ட்ரினிடாட், கயானாப் பக்கமாகப் போய் அதைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துவந்து விட்டார்கள். அவை பலன் தரவில்லை. 1972இல் மிச்சல் என்ற தாவரவியலாளர் இது ஒரிகுலேட்டாவே அல்ல என்று காட்டி, சல்வீனியா மொலெஸ்ரா என்ற புதிய பெயரைக் கொடுத்தார். அதன் நிறமூர்த்தங்கள் 45. ஐந்து மடங்கு ஆனதால் அவை சோடி சேர வழியில்லை. வித்திக்கலன்கள் உண்டாகும், உள்ளே உருப்படியான வித்தி இராது. கலப்பினம் என்று கருதப்படும் இந்த மலட்டுப் பன்னம் தண்டு முறிந்து முறிந்தே உலகைச் சுற்றியது.

சரியான பெயர் கிடைத்த பிறகுதான் சரியான ஊரைத் தேட முடிந்தது. 1978இல் அதன் சொந்த இடம் தென்கிழக்கு பிரேசில் என்று கண்டுபிடித்தார்கள். அங்கே அதைத் தின்றுகொண்டிருந்த கரிய கூன்வண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் 1980இல் விட்டபோது, ஓராண்டு அளவில் ஏரி தெளிந்தது. அந்த வண்டும் முன்னர் ட்ரினிடாட்டிலிருந்து எடுத்த வண்டே என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். அது தனி இனம் என்று 1985இல் தெரியவந்தது. செடியிலும் பூச்சியிலும் ஒரே விதமான பெயர்ப்பிழை நேர்ந்திருக்கிறது. 1986இல் வண்டு இலங்கைக்கு வந்தது. விட்ட இடங்கள் பெரும்பாலானவற்றில் சில ஆண்டுகளுக்குள் சல்வீனியா கட்டுக்குள் வந்தது. வகைப்பாடு என்பது உலர்தாவரக்கூடத்து அலமாரிக்குள் முடங்கிய வேலை என்று எண்ணுபவர்கள், தவறான பெயரை நம்பி வீணாய்ப்போன அந்த ஆண்டுகளுக்கும் உழைப்புக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சல்வீனியா இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. வித்தி இல்லாவிட்டாலும், மொட்டுள்ள ஒரு சிறு தண்டுத் துண்டு போதும் அது மறுபடி ஒரு குளத்தை மூட. மீன்தொட்டியில் அழகுக்காக அதை வளர்ப்பவர்கள், வேண்டாமென்றான பிறகு வெயிலில் நன்றாக உலர்த்திவிட்டு வீசுங்கள். வாய்க்காலிலோ மகாவலியிலோ கொட்டிவிடாதீர்கள்.